சுருளியின் ஏழு வாசல் ஆட்டம்

சுருளி ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, மூன்று வேளையும் எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. சிறுத்தை துரத்தினால் அழுங்குகள் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். சுருளியும் அப்படித்தான். ஆனால் அதற்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது, "இது நல்லா இல்லையே" என்று சொல்லிவிட்டாலும் உடனே சுருண்டுகொள்ளும். சிறுத்தை போன பிறகாவது அரை நாழிகையில் விரிந்துவிடும். குறை சொன்னால் மறுநாள் காலை வரை விரியாது.

அப்படிப்பட்ட சுருளி, ஒரு பெரிய வேலையை வலியப் போய்த் தலையில் ஏற்றிக்கொண்டது.

அந்தக் காட்டில் ஐப்பசி பிறந்தால் அடைமழை. வளை, பொந்து, புதர் எல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். விலங்குகள் எல்லாம் மலைமேல் இருக்கும் நான்கு குகைகளுக்கு ஏறிவிடும். மழை விடும்வரை ஒருவரை ஒருவர் தின்னக் கூடாது என்பது குகைச் சட்டம். சிறுத்தை போன்ற பெரியவர்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வருவார்கள். ஆகவே பசி பெரிய தொல்லை இல்லை. பொழுது போகாததுதான் தொல்லை.

போன வருஷம் நான்காம் நாள், குறட்டை விட்டது என்று கரடியைக் காட்டுப்பன்றி முட்டியது. கரடி திரும்பி அறைந்தது. கூட்டம் சிதறி ஓடியதில் முயலின் காது கிழிந்தது. சிறுத்தை எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டது.

"அடுத்த வருஷமும் இப்படி ஒரு சண்டை வந்தா, இந்தச் சட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது. அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பார்த்துக்க வேண்டியதுதான்."

சிறுத்தைக்கு வேறு பாறை கிடைக்கும். வளை மூழ்கிய சுருளிக்கும் முயலுக்கும் எது கிடைக்கும்? அந்தப் பயத்தில்தான் சுருளி எழுந்து, நான்கு குகையிலும் எல்லாரும் சேர்ந்து ஆட ஓர் ஆட்டம் உண்டாக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது.

ஆட்டத்தின் பெயர் ஏழு வாசல். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரராக மாறுவார்கள். முயல் அரக்கனாகலாம், கரடி சித்தெறும்பாகலாம், கேட்பார் இல்லை. ஒரு மாய மலை. அதற்குள் ஏழு வாசல்கள், வாசலுக்கொரு பூதம். கடைசி வாசலுக்குப் பின்னால், மழையைப் பூட்டக்கூடிய ஒரு சாவி. "நான் பூதத்தின் காலுக்கடியில் நுழைகிறேன்" என்று ஒரு வீரர் சொன்னால் ஆறு புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். தாயம் ஆடுகிறவர்கள் செய்வதுபோல ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். குறைந்தது நான்கு வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும். இல்லாவிட்டால் பூதம் மிதிக்கும். இந்த விதிகளையெல்லாம் சுருளி இருபத்திரண்டு தேக்கிலைகளில் நகத்தால் கீறி, நாரில் கோத்து வைத்தது.

இனி ஆடிப் பார்க்க ஆள் வேண்டும். ஆடி மாதம் ஒரு நாள், ஊரெல்லாம் சுற்றும் கரிச்சான் குருவியிடம் சொல்லி அனுப்பியது. குருவி மரத்துக்கு மரம் உட்கார்ந்து கூவியது.

"சுருளி புது ஆட்டம் ஒண்ணு செஞ்சிருக்கு. ஆடிப் பார்க்க ஆள் தேவை. கூலி கிடையாது, பலாச்சுளை உண்டு. வந்து குறை சொல்லலாம்!"

குறை சொல்லலாம் என்று சுருளி சொல்லவே இல்லை. குருவி தானாகச் சேர்த்துக்கொண்டது. குருவிகளுக்குக் கொடுத்த செய்தியை அப்படியே கொண்டுபோகத் தெரியாது.

முதலில் வந்தவர்கள் முயலும் கரடியும். சுருளியே கதை சொன்னது. மூன்று வெள்ளை விழுந்தால் என்ன என்று முயல் கேட்டது. அது பாதி வெற்றி, எழுத மறந்துவிட்டேன் என்றது சுருளி. பூதம் தூங்கினால் என்ன என்று கரடி கேட்டது. சுருளி அதற்கும் வாயாலேயே பதில் சொன்னது. இலையில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் சுருளியின் நாக்கு நீண்டு அடைத்தது. நாக்குதான் முழ நீளம் ஆயிற்றே.

ஆட்டம் முடிந்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்டது. முயலும் கரடியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ரொம்ப அருமை என்றது முயல். இதைப்போல ஆட்டம் உண்டா என்றது கரடி, சுளையை மென்றுகொண்டே. இப்படியே பத்து நாள் ஆடினார்கள். பத்து நாளும் அருமைதான். சுருளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினோராம் நாள் ஓடையிலிருந்து நண்டு வந்தது. அதன் வாய்க்குப் பயந்து யாரும் அதை எதற்கும் கூப்பிடுவதில்லை. தவளையின் பாட்டில் சுருதி இல்லை என்று தவளையிடமே சொன்ன நண்டு அது.

"குறை சொல்லலாம்னு குருவி சொல்லிச்சு. அதான் வந்தேன்" என்றது நண்டு.

சுருளிக்கு அடிவயிறு லேசாக மடங்கியது. இருந்தாலும் உட்காரச் சொல்லிக் கதையைத் தொடங்கியது. முதல் வாசல். மலை மாதிரி ஒரு பூதம் வழியை மறித்து நிற்கிறது. நண்டக்கா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"பக்கவாட்டுல போறேன்" என்றது நண்டு.

"எங்கே?"

"சுவர் ஓரமா. அப்படியே மலையைச் சுத்தி, ஏழாவது வாசலுக்குப் பின்பக்கம். சாவியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"அப்படியெல்லாம் போகக் கூடாதுக்கா."

"எந்த இலையில எழுதியிருக்கு?"

சுருளி இருபத்திரண்டு இலைகளையும் புரட்டியது. எந்த இலையிலும் இல்லை. அழுங்கு நேராக நடக்கும், முயல் நேராக ஓடும், கரடியும் நேராகத்தான் போகும். பக்கவாட்டில் போகும் ஒருவர் ஆட வருவார் என்று சுருளிக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஆட்டம் நல்லா இல்ல தம்பி" என்றது நண்டு.

அவ்வளவுதான். சுருளி சுருண்டுகொண்டது.

கரடி அந்தப் பந்தை மெல்ல உருட்டி நிழலில் விட்டது. இனி நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு முயல் கிளம்பப் பார்த்தது. நண்டு விடவில்லை. ஓடையிலிருந்து இவ்வளவு தூரமும் பக்கவாட்டிலேயே நடந்து வந்திருக்கிறேன், ஆடாமல் போவதா என்றது. இலைகள்தான் இருக்கின்றனவே, நாமே படித்து ஆடுவோம் என்றது. கரடி கதை சொல்ல உட்கார்ந்தது.

முதல் இலையிலேயே தகராறு. வாசல் திறந்ததும் கொட்டையை உருட்டு என்று எழுதியிருந்தது. யார் உருட்ட வேண்டும்? வீரர்தான் என்றது முயல். பூதம்தான் என்றது நண்டு. பந்துக்குள் இருந்த சுருளிக்கு எல்லாம் கேட்டது. வீரர்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் மூக்கு வயிற்றுக்குள், வயிறு வாலுக்குள். எங்கே கத்துவது? கேட்டுக்கொண்டுதான் கிடக்க வேண்டும்.

கேட்டது. மூன்று வெள்ளை விழுந்ததும் மூவரும் திகைத்தது கேட்டது. கரடியின் கையில் பலாப்பால் ஒட்டி, உருட்டிய கொட்டை விழாமல் கையிலேயே நின்றது கேட்டது. இரண்டாம் வாசலில் முயலின் அரக்கன் இறந்துபோனதும் கேட்டது. இறந்தவர் எழுந்து ஓரமாக உட்கார வேண்டும் என்று இலையைப் படித்தது கரடி. முயல் ஓரமாக உட்கார்ந்தது.

பிறகு முயல் சொன்னது. "குகையில சிறுத்தையாரோட வீரர் செத்தா அவரும் ஓரமா உட்காருவார். நானும் உட்கார்ந்திருப்பேன். பொழுது போகாத சிறுத்தை, பக்கத்துலயே முயல். நெனச்சாலே உடம்பு நடுங்குது."

"பத்து நாளா இதை ஏன் சொல்லல?" என்றது நண்டு.

"சொன்னா சுருண்டுக்குவார். நாள் பூரா அவர் முகத்தையே பார்க்க முடியாது. எனக்கு அது தாங்காது."

கரடியும் தலையை ஆட்டியது. கொட்டை ஒட்டுகிறது என்பதை அதுவும் அதனால்தான் சொல்லவில்லையாம்.

பந்துக்குள் சுருளிக்கு முதலில் கோபம் வந்தது. அருமை அருமை என்று பத்து நாளும் ஏமாற்றினார்களே! கொஞ்ச நேரத்தில் கோபம் போய் வெட்கம் வந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. அன்பினால் வாயை மூடிக்கொண்டார்கள். வாயை மூட வைத்தது யார்? தான்தான். அந்த அருமையை நம்பி, சுருளி இதே முயலைச் சிறுத்தையின் பக்கத்தில் ஓரமாக உட்கார வைத்திருக்கும்.

பந்து விரிந்தது. அரை நாழிகைகூட ஆகவில்லை. மூவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"நண்டக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்றது சுருளி.

"நீ மறுபடியும் சுருண்டுக்குவியே."

"சுருண்டுக்குவேன். ஆட்டம் ஆரம்பிச்சதுமே சுருண்டுக்குவேன். வாயைத் திறக்காம கேட்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். முடிஞ்சதும் நானே விரிஞ்சு, என்னென்ன குறைன்னு கேட்பேன். நீங்க மூணு பேரும் ஒண்ணு விடாம சொல்லணும்."

மறுநாள் முதல் அப்படியே நடந்தது. விலங்குகள் ஆடும், நடுவில் ஒரு பந்து கிடக்கும். பழகாதவர்கள் அதைப் பாறை என்று நினைத்துச் சாய்ந்துகொண்டதும் உண்டு. குரங்குகள் வந்தன, மான்கள் வந்தன, போன வருஷம் முட்டிய காட்டுப்பன்றியே வந்தது. ஆளுக்கொரு குறை சொன்னார்கள். சுருளிக்கு ஒவ்வொரு குறைக்கும் வலிக்கத்தான் செய்தது. வலித்தாலும் எழுதியது. இலைகள் இருபத்திரண்டிலிருந்து நாற்பதாயின. கொட்டைகளைப் போட்டு உருட்ட மூங்கில் குவளை வந்தது. நண்டு போன பக்கவாட்டு வழியைச் சுருளி அடைக்கவில்லை. அங்கே இன்னொரு பூதத்தை நிறுத்தி, அந்த வழிக்கு நண்டுச் சந்து என்று பெயர் வைத்தது.

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டு மழை ஊற்றியது. நான்கு குகைகளுக்கும் நான்கு கட்டு இலைகள். சுருளிக்கு நான்காவது குகையில் இடம். சிறுத்தை, முயல், கரடி மூன்றும் முதல் குகையில். நடுவில் அருவியாகக் கொட்டும் தண்ணீர். இனி முதல் குகையில் என்ன தகராறு வந்தாலும் சுருளியால் போய்ப் பேச முடியாது. இலைதான் பேச வேண்டும்.

சிறுத்தை என்ன நினைத்ததோ, மான் வேஷம் எடுத்துக்கொண்டது. நன்றாகவும் ஆடியது. ஐந்தாம் நாள் ஆறாவது வாசலில் அதன் மான் பூதத்தின் முன்னால் குதித்தது. சிறுத்தை கொட்டைகளை உருட்டியது. ஆறும் கறுப்பு.

மான் செத்தது. சிறுத்தையின் வால் தரையில் தட்டத் தொடங்கியது. கதை சொன்ன கரடி அவசர அவசரமாக இலைகளைப் புரட்டித் தேடியது. முயல் வாங்கி, கிழிந்த காது துடிக்கத் துடிக்கப் படித்தது.

"இறந்தவர் ஓரமாக உட்கார வேண்டியதில்லை. அவர் மாய மலையின் காற்றாகிறார். ஒவ்வொரு வாசலிலும் தன் தோழர்களுக்காக ஒரு முறை ஊதி, ஒரு கொட்டையைப் புரட்டலாம்."

வால் நின்றது.

"நிஜமாவே ஊதலாமா?" என்றது சிறுத்தை.

"ஊதலாங்க."

ஏழாவது வாசல். முயலின் அரக்கன் சாவியைப் பிடுங்கக் கை நீட்டினான். கொட்டைகள் உருண்டன. மூன்றுதான் வெள்ளை. சிறுத்தை குனிந்து, கன்னம் உப்ப, ஒரே ஊதாக ஊதியது. ஒரு கொட்டை புரண்டு வெள்ளையாயிற்று. குகையே கூத்தாடியது. நான் இல்லாவிட்டால் சாவி கிடைத்திருக்காது என்றது சிறுத்தை. ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். சிறுத்தையிடம் யார் மறுப்பார்கள்?

சாவி கிடைத்தவர்கள் மறுபடி முதல் வாசலிலிருந்து ஆடினார்கள். பதினோரு நாள் மழை பெய்தது. நான்கு குகையிலும் ஒரு சண்டை இல்லை. வெயில் வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். சுருளியைக் கண்டு ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். முயல் ஒன்றும் சொல்லாமல் அதன் செதிலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. கடைசியாகச் சிறுத்தை வந்தது.

"ஒரு குறை சொல்லலாமா?"

சுருளியின் முதுகு வளைந்தது. வால் மூக்கை நோக்கி வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு, சொல்லுங்க என்றது.

"காத்து ஒரு தடவைதான் ஊதணும்னு போட்டிருக்கு. ரெண்டு தடவை வேணும்."

எழுதிக்கொள்கிறேன் என்றது சுருளி. எழுதியும் கொண்டது.

பிறகு அது புதிதாகக் கீறிய ஓர் இலையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனது. ஆட்டக்கட்டின் கடைசி இலை அது. யார் யார் என்னென்ன குறை கண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. முதல் பெயர் நண்டு. நண்டு அதை இரண்டு முறை படித்தது.

"நண்டக்கா, உங்களுக்குத் தண்ணியில பயம் இல்லை. குகையும் வேண்டாம். ரெண்டு மாசமா தினமும் எதுக்காக வந்தீங்க?"

நண்டு கொஞ்ச நேரம் கொடுக்கால் மணலைக் கீறிக்கொண்டிருந்தது. "என்னை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதே இல்லை தம்பி. நீ ஒருத்தன்தான் குறை சொல்றவங்களும் வரலாம்னு கூப்பிட்டே."

பொய்யாக அந்த நன்றியை வாங்கிக்கொள்ளச் சுருளிக்கு மனம் வரவில்லை.

"அந்த வார்த்தையை நான் சொல்லலக்கா. குருவியா சேர்த்துக்கிட்டது."

"நான் வாயைத் திறந்ததுமே நீ சுருண்டே பாரு, அப்பவே தெரிஞ்சுது" என்றது நண்டு.

"இப்ப நானே என் வாயால கூப்பிடுறேன். புதுசா ஒரு ஆட்டம் செய்யப் போறேன். நாளைக்கு வந்து குறை சொல்லுங்க."

நண்டு சம்மதித்தது. கிளம்பும்போது, இந்த இலையில் என் பெயரைக் கோணலாக எழுதியிருக்கிறாய் என்றது. சுருளி சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து நேராக எழுதிக் கொடுத்தது.

நம்மைப் புகழ்ந்த வாய்க்கு ஒரு நன்றி சொன்னால், நம் குறையை முகத்துக்கு நேரே சொன்ன வாய்க்கு இரண்டு நன்றி சொல்ல வேண்டும்.