கொல்லைக் கதவு வழியே வேலைக்குப் போனவள்

காதைக் கொடுங்கள் எல்லாரும். கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம். இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும், வேலையைக் கீழே வைக்கச் சொன்னதற்காக என்னையே ஏசுவீர்கள். கை அது பாட்டுக்கு ஓடட்டும், காது அது பாட்டுக்குக் கேட்கட்டும்.

நாழிகையைச் செம்புக் கிண்ணத்தால் அளந்த காலம் அது. சின்னக் கிண்ணம், அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அண்டாத் தண்ணீரில் மிதக்க விட்டால், துளை வழியே தண்ணீர் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். குளுக் என்று கிண்ணம் மூழ்கும். மூழ்கினால் ஒரு நாழிகை. நாழிகை வட்டில் என்பார்கள் அதை. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்க அதுதான், வயலுக்குத் தண்ணீர் பங்கு பிரிக்க அதுதான்.

அந்த வட்டில் செய்வதில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். சேந்தி என்று பெயர். அரண்மனைப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் சுத்தியல் பிடித்த கை. அங்கே மேலாளாக இருந்தவன் கூத்தன். காலையில் சேகண்டி அடிப்பான், எல்லாரும் உட்கார வேண்டும். உச்சியில் அடிப்பான், எழுந்து சாப்பிட வேண்டும். பொழுது சாய அடிப்பான், வீட்டுக்குப் போக வேண்டும். நடுவில் பிரம்பும் கையுமாக நடந்துகொண்டே இருப்பான்.

ஒரு நாள் சேந்திக்கு அலுத்துப் போயிற்று.

"சேகண்டி அடிச்சாத்தான் என் கை ஓடுமா? இனிமே என் வீடுதான் என் பட்டறை. எனக்கு நான்தான் எசமானி" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

கூத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போ தாயி, போ. மூணே மாசம். சேகண்டி எங்கே, பிரம்பு எங்கேன்னு தேடிக்கிட்டு நீயே வந்து நிப்பே."

"இந்த வாசப்படியை மிதிச்சா என் பேரு சேந்தி இல்ல!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லுவது சுலபம். நானும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் அவளும் ஒரு பூனையும்தான். கணவன் உப்பு வண்டி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வழியிலேயே கழியும். கொல்லையில் ஒரு கொட்டகை போட்டாள், அண்டாவை வைத்தாள், அடுப்பு மூட்டினாள். முதல் வாரம் தேனாக இனித்தது. நினைத்தபோது எழுந்தாள், நினைத்தபோது சாப்பிட்டாள், நினைத்தபோது சுத்தியலைத் தொட்டாள். நினைத்தபோது என்றால் என்ன? நினைக்கவே இல்லை என்று அர்த்தம்!

அப்போது ஒரு கல்யாண வீட்டுக்காரர் முகூர்த்த வட்டில் வேண்டும் என்று கேட்டு வந்தார். சேந்தியும் அடித்து, இழைத்து, துளை போட்டு, சோதித்துப் பார்க்க மிதக்க விட்டாள். வட்டில் மிதந்தால் கண்ணை எடுக்கக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் உயிர்.

பக்கத்து வீட்டுப் பூதி வந்தாள். "ஏன்டி சேந்தி, வீட்லதானே சும்மா இருக்கே? நெல்லு காயப் போட்டிருக்கேன், காக்கா கொத்தாமப் பாத்துக்கோ." சேந்தி எழுந்து போனாள்.

திரும்பி வந்து மறுபடி மிதக்க விட்டாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள். "வீட்லதானே சும்மா இருக்கே? மேலத்தெருவுல என்ன கூத்துன்னு தெரியுமா உனக்கு?" சேந்தி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

மூன்றாம் முறை மிதக்க விட்டாள். யாருமே வரவில்லை. தலையணைதான் கூப்பிட்டது. "வீட்லதானே இருக்கோம், ஒரு கண்ணு அசந்தா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள். எழுந்து பார்த்தபோது வட்டில் அண்டாவின் அடியில் கிடந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

சரியாக இல்லை. துளை சின்னது, வட்டில் சோம்பேறி. மெல்ல மெல்ல மூழ்கி, நல்ல நேரம் போய் ராகு காலத்தில் தாலி ஏறியது. பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் அந்த வட்டில் சேந்தியின் வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஏரி விவகாரம் வந்தது.

மேலக்குடி, கீழக்குடி என்று இரண்டு ஊருக்கும் ஒரே ஏரி, ஒரே மதகு. இத்தனை நாழிகை உனக்கு, இத்தனை நாழிகை எனக்கு என்று முறைத் தண்ணீர். போன வருஷம் அரை நாழிகைத் தண்ணீருக்காக ஏழு பேர் மண்டை உடைந்தது. அரசன் இரண்டு ஊரையும் கூப்பிட்டு, "மதகுக்கு ஒரு நல்ல வட்டில் வைக்கிறேன். பட்டறையில் செய்யச் சொல்லுகிறேன்" என்றான்.

கீழக்குடித் தலைவர் முன்னால் வந்து கும்பிட்டார். "மகராசா, மேலாள் கூத்தன் பொண்ணு எடுத்தது மேலக்குடியில. எங்க சனம் ஒத்துக்காது. நாங்களும் ஒரு வட்டில் செஞ்சு கொண்டாறோம். ரெண்டையும் மிதக்க விடுங்க. எது சரியோ அது இருக்கட்டும்."

"யார் செய்வார்கள்?"

"சேந்தி செய்வா."

"முகூர்த்தத்தை முழுங்கினாளே, அவளா?" என்று கூத்தன் சத்தமாகச் சிரித்தான். சபையே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு ஆளும் இல்லை.

அரசன் நாள் குறித்தான். பகலும் இரவும் சமமாக வருமே, புரட்டாசியில், அந்த நாள். சூரியன் எழுந்ததிலிருந்து விழுகிற வரை சரியாக முப்பது நாழிகை. முப்பது முறை மூழ்கும் வட்டில் எதுவோ, அதுவே மதகுக்கு. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

செய்தி சேந்திக்கு வந்து சேர்ந்தது. இதிலும் தவறினால் கீழக்குடி வயல் காயும். கூத்தனின் வாசப்படியை மிதிப்பதைத் தவிர அவளுக்கும் வேறு வழி இருக்காது. உட்கார்ந்து யோசித்தாள். "எனக்கு நான்தான் எசமானின்னு சொன்னேன். எசமானியா மட்டும்தானே இருந்தேன்? வேலைக்காரி எங்கே?" என்று கேட்டுக்கொண்டாள். கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் தெரு ஒரு வேடிக்கை பார்த்தது. சேந்தி குளித்து, தலை முடிந்து, கஞ்சிக் கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூனையைப் பார்த்து, "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். கதவைச் சாத்தினாள். தெருக்கோடி வரை நடந்தாள், குளத்தைச் சுற்றினாள், பின்சந்து வழியாக வந்து தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து கொட்டகைக்குள் நுழைந்தாள். உச்சி வரை வேலை. மர நிழலில் கஞ்சி. பொழுது சாய்ந்ததும் சுத்தியலைக் கழுவி வைத்தாள். இன்னும் கொஞ்சம் அடிக்கலாம் என்று கை துடித்தாலும் அடிக்கவில்லை. வந்த வழியே சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, "வந்துட்டேன்" என்று பூனையிடம் சொன்னாள்.

"பாவம், மூளை கலங்கிடுச்சு" என்றது தெரு.

பூதி கொல்லைப்பக்கம் வந்து கதவைத் தட்டினாள். "சேந்தி, நெல்லு காயுது..."

உள்ளிருந்து குரல் வந்தது. "சேந்தி வேலைக்குப் போயிருக்கா. பொழுது சாஞ்சு வாங்க."

"அடியே! அப்ப பேசுறது யாரு?"

"வேலைக்காரி."

"வேலைக்காரியா? கொஞ்சம் வெளியிலதான் வாயேன்!"

"எசமானி ரொம்பப் பொல்லாதவ. கண்ணை எடுத்தா கொன்னுடுவா."

பூதி வாயைப் பிளந்துகொண்டு போனாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள், அதே பதில். மைத்துனி வந்தாள், அவளுக்கும் அதே பதில். ஆனால் பொழுது சாய்ந்ததும் சேந்தியே பூதி வீட்டுக்குப் போய் நெல் அள்ளிக் கொடுத்தாள், எதிர்வீட்டுக் கதையையும் கேட்டுச் சிரித்தாள். கோபித்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை.

வட்டில் தயாரானது. கொட்டகைக்கு முன்னால் கழி நட்டு, உச்சிப் பொழுதின் நிழல் விழும் இடத்தில் கோடு கிழித்தாள். சூரியன் எழுந்ததிலிருந்து நிழல் கோட்டைத் தொடும் வரை பதினைந்து முறை மூழ்க வேண்டும். சோதிக்க மிச்சம் இருந்தது இரண்டே நாள்.

முதல் நாள் மிதக்க விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றும் ஆயிற்று. பதினான்காவது மிதந்துகொண்டிருந்தது. புழுக்கம், காற்றில்லை. கண் ஒரு கணம் செருகிவிட்டது.

திறந்தால், வட்டில் அடியில் கிடக்கிறது.

இப்போது மூழ்கியதா? அப்போதே மூழ்கியதா? அவளுக்குத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பூனைகூடத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் முழுகியிருக்கும்" என்றாள் வேலைக்காரி.

"பாத்தியா?" என்றாள் எசமானி.

"பாக்கல. ஆனா ஒரு கணம்தானே? மிச்சத்தை எண்ணிட்டாப் போச்சு."

"பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல."

"அப்பத் தண்ணியைக் கொட்டு. எண்ணினது செல்லாது."

அழுதுகொண்டே கொட்டினாள், ஐயா. அரை நாள் உழைப்பு மண்ணோடு போயிற்று. ஆனால் அவள் கொட்டினாளே, அதற்காகத்தான் நான் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மறுநாள் விடியலில் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணை எடுக்கவில்லை. பதினைந்தும் மூழ்கியபோது நிழல் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரல் பாக்கி. துளை மயிரிழை பெரிது! முந்தின நாளை ஒப்பேற்றியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. துளையின் ஓரத்தைத் தட்டித் தட்டிக் குறுக்கினாள். நிழல் கோட்டைத் தொட்டதும் மறுபடி மிதக்க விட்டு, பொழுது சாய்வதற்குள் சரியாகப் பதினைந்து மூழ்குவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு சுத்தியலைக் கழுவி வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

குறித்த நாளும் வந்தது. மதகுக் கல்லின் மேல் இரண்டு அண்டா, இரண்டு வட்டில். ஏரிக்கரை முழுக்கச் சனம். சூரியன் தலை காட்டியதும் விட்டார்கள். பட்டறை வட்டில் பளபளவென்று முந்தியது. மேலக்குடி ஆரவாரம் செய்தது. உச்சிக்குள் பதினேழு மூழ்கியதும் ஆரவாரம் நின்றது. பொழுது சாயச் சாய எல்லாரும் விரல் விட்டு எண்ணினார்கள். சேந்தியின் வட்டில் இருபத்தெட்டு. இருபத்தொன்பது. சூரியன் ஏரிக்குள் இறங்க, முப்பதாவது முறை குளுக் என்றது. பட்டறை வட்டிலோ முப்பத்து நான்கு.

அரசன் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டான். "சோதித்தபோது யார் பார்த்தது?"

தலையைச் சொறிந்தார்கள். "நாங்க வட்டிலைப் பாத்தோம் மகராசா, மேலாள் எங்களைப் பாத்தாரு. அவரு சாப்பிடப் போனாரு, நாங்க கண்ணை மூடினோம். வந்து எத்தனைன்னு கேட்டாரு, பதினஞ்சுன்னோம்."

அரசன் சேந்தியிடம் திரும்பினான். "உன்னை யாரம்மா பார்த்துக்கொண்டிருந்தது?"

"என் எசமானி, மகராசா."

"யார் அவள்?"

"அவளும் நான்தான்."

அரசன் அவள் வட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இன்று முதல் பட்டறைக்கு நீயே மேலாளாக இரு" என்றான்.

சேந்தி கும்பிட்டாள். "மன்னிக்கணும். நான் ஏற்கெனவே ஒருத்திகிட்ட வேலையில இருக்கேன். அவ விடமாட்டா."

கரை முழுக்கச் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தலை நிமிர்ந்தது. கீழக்குடித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூத்தன் கூட்டம் கலைந்த பிறகு மெல்லப் பக்கத்தில் வந்து, "அந்த எசமானியைப் பட்டறைப் பக்கம் ஒரு மாசம் அனுப்பி வையேன்" என்றான்.

"அவ வேற வீட்டுக்கு வரமாட்டா, அண்ணே. உங்களுக்குன்னு ஒருத்தர் உள்ளே இருப்பாரு. தேடிப் பாருங்க."

மறுநாள் காலையில் சேந்தி குளித்து, தலை முடிந்து, கஞ்சிக் கலயத்தோடு வாசலுக்கு வந்தாள். "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று அவள் வாய் திறக்கும் முன்னே, தெருவில் இருந்த பூதி முறத்தை இறக்கி வைத்துவிட்டு இடம் விட்டு நின்றாள்.

"வேலைக்குக் கிளம்பிட்டியா சேந்தி? நல்லபடியாப் போயிட்டு வா" என்றாள்.

அன்றிலிருந்து அவளைப் பார்த்து யாரும் சும்மா என்ற சொல்லைச் சொன்னதில்லை. நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்: யாரும் பார்க்காத இடத்திலும் தன் வேலைக்குத் தானே கண்ணாக இருப்பவரே, தனக்குத் தானே எசமான் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தவர்.