இங்கிலீசு கழுவாத பாத்திரங்கள்

காக்கையும் நரியும் மட்டுமல்ல, மொழிகளே தாமாகப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், மனிதர்களின் வாய்க்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. மொழிகள்தான் வீடு கட்டி, அடுப்பு மூட்டி, சொற்களைச் சமைத்து வாழ்ந்தன.

மழை விடாத ஒரு தீவில் இங்கிலீசு குடியிருந்தாள். இன்றைக்கு அவள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அப்போது அவள் வீட்டில் ஒரு வேளைக்குக் காணும் சொல் கிடையாது. வடகடல் தாண்டிக் கொள்ளையடிக்க வந்த மொழிகள்கூட அவள் நிலைமையைப் பார்த்து, முட்டைக்கும் கத்திக்கும் தங்கள் சொல்லை வைத்துவிட்டுத்தான் போயின.

பிறகு பிரெஞ்சு அம்மாள் வந்து அதிகாரம் பண்ணினாள். தொழுவத்தில் நிற்கும்வரை மாட்டுக்கு இங்கிலீசு வைத்த பெயர், கவ். வெந்து தட்டுக்கு வந்துவிட்டால் பிரெஞ்சு அம்மாள் வைத்த பெயர், பீஃப். சாணி அள்ளியது ஒருத்தி, சாப்பிட்டது இன்னொருத்தி.

இந்த அவமானம் இங்கிலீசை உறங்கவிடவில்லை. அந்த அம்மாள் கிளம்பிப்போனதும் கப்பல் ஏறினாள். வீடு வீடாகப் போய்ச் சொல் இரவல் கேட்டாள். தமிழ் வீட்டில் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் வாங்கினாள். இந்தி வீட்டில் பங்களா, மலாய் வீட்டில் மூங்கில். கேட்டது இரவல்தான், முகத்தில் இருந்ததோ தானம் கொடுக்கிற களை.

சொல் கொடுக்க யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மொழிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சொல் வாங்கிவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது; தன் வீட்டுப் பண்டத்தில் ஒரு கரண்டியாவது போட்டுத்தான் தர வேண்டும். இங்கிலீசு பாத்திரத்தையே திருப்பவில்லை. தமிழ் வீட்டில் ரசம் வைக்க ஏனம் இல்லாமல் அண்டாவை அடுப்பில் ஏற்றும்படி ஆயிற்று. மொழிகள் கூடிப் பேசி, பாத்திரம் வரும்வரை அவளுக்கு ஒரு சொல்லும் கிடையாது என்று கதவைச் சாத்தின.

இங்கிலீசு திண்டாடிப்போனாள். தீவில் தினம் ஒரு புதுப் பொருள் வந்து இறங்கியது. கூப்பிடப் பெயர் இல்லை. 'அந்த அதை எடு, இந்த இதை வை' என்று எத்தனை நாள் ஓட்டுவது? இப்படியே போனால் ஊமையாக வேண்டியதுதான்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று வீட்டைத் துழாவினாள். தொட்டதெல்லாம் இரவல். அவளுடையது என்று மிஞ்சியது அவள் குரல் ஒன்றுதான். கொடுக்க மனம் வரவில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது: ஆளுக்கு ஒரு கரண்டி குரலைக் கொடுத்துவிட்டால் உலகம் மொத்தமும் அச்சு அசலாக என்னைப் போலவே பேசுமே! அந்த நினைப்பிலேயே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பாத்திரங்களை வரிசையாக வைத்தாள். குரலை அள்ளி ஊற்றினாள். கழுவினாளா என்றால் இல்லை. தண்ணீர் ஜில்லென்று இருந்தது; கப்பல் ஏறிப் போன ஊர்களில் கழுவ ஆள் வைத்துப் பழகிய கை வேறு. அடியில் காய்ந்திருந்த அந்தந்த வீட்டு ரசம், குழம்பின் மேலேயே ஊற்றி அனுப்பிவிட்டாள்.

வந்ததை ஊர் ஊராக மனிதர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். வாய் திறந்து பேசவும் தொடங்கினார்கள்.

கேட்டுப் பூரிக்கலாம் என்று வந்த இங்கிலீசு, தமிழ் வீட்டு வாசலிலேயே திகைத்து நின்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வால் முளைத்திருந்தது. பஸ்ஸு, லைட்டு, டேபிளு. மலாய் வீட்டுப் பக்கம் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் நாக்கைச் சுருட்டினார்கள். இதெல்லாம் கடல் தாண்டிய ஊர், போகட்டும். அவள் தீவிலேயே வடக்கே குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தொண்டையில் வண்டி ஓட்டினார்கள்.

அவள் தமிழிடம் சண்டைக்குப் போனாள். "அக்கா, இது தப்பு. நான் கொடுத்தது இப்படி இல்ல."

"நீ கொடுத்ததுதாம்மா. கழுவாம கொடுத்த."

"அப்ப திருப்பிக் கொடுங்க."

"சாப்பிட்டாச்சே. வேணும்னா ஒவ்வொருத்தர் தொண்டையிலயும் கைய விட்டு எடுத்துக்க."

அசல் குரல் ஒன்று உண்டு, அதுதான் சரி, மற்றதெல்லாம் குறை என்று இங்கிலீசு வாதாடினாள். தமிழ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த அசலை வீட்டில் கொஞ்சமாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்றாள். இங்கிலீசோ உலகத்தையே பிடிக்கிற ஆசையில் பானையை வழித்தல்லவா கொடுத்திருந்தாள்! இவ்வளவு நேரம் பேசியது தொண்டையில் ஒட்டியிருந்த கடைசித் துளியில்.

"சரி விடு, பசியோட என்ன சண்டை? உக்காரு" என்று தமிழ் இலை போட்டாள். இங்கிலீசு தின்றாள். வயிறு நிறையவில்லை. கூச்சத்தோடு இலையைக் காட்டி, "அக்கா, இன்னும் கொஞ்சம் ரைஸு" என்றாள்.

தமிழ் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இங்கிலீசு எந்த ஊரில் உட்கார்ந்தாலும் அந்த ஊர்க்காரியாகவே பேசுகிறாள். அவளே வெட்கப்படாத உச்சரிப்பைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எல்லாம் அவள் வீட்டு ஆட்களே அல்ல.