வாசற்படியில் கூவிய சேவல்

முன்னொரு காலத்தில், கோழிக்குப் பல் இருந்த காலத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், செம்பொழில் நாட்டில் பூவாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி. விடியலில் ஏர் ஓட்டப் போகும்போது தெருவே எழுந்து உட்காரும்படி பாடுவான். தங்கமான மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

ஒருநாள் அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கொடுங்காளன் என்ற மந்திரவாதி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சடையாண்டியின் பாட்டு அவனை எழுப்பிவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவனுக்கு. "கூவத்தானே ஆசை? கூவு" என்று சாம்பலை ஊதினான். சடையாண்டி நின்ற இடத்தில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் நின்றது.

பூவாயி காலில் விழுந்து கதறினாள். அவனுக்கா இரக்கம் வரும்? சடையாண்டியின் உருவத்தைச் செப்புச் சிமிழில் அடைத்து இதே மனைக்குள் புதைத்துவிட்டானாம். ஒரு வீட்டில் பறித்ததை அந்த வீட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோக அவன் மந்திரத்துக்கு வலுவில்லை. "நாளைக்கு அமாவாசை. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துத் திற. இல்லேன்னா ஆயுசுக்கும் சேவல்தான்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மனையோ பெரிது, கையிலோ ஒரே மண்வெட்டி. மறுநாள் காலை கரும்புத் தோட்டத்து ஓரம் அழுதுகொண்டே போன பூவாயி, கண்ணியில் மாட்டித் தவித்த ஒரு கீரிப்பிள்ளையைக் கண்டாள். தன் கவலையிலும் மனசு கேட்கவில்லை, அவிழ்த்துவிட்டாள். உடனே கீரி பேசியது. மண்ணுக்குள் எந்த உலோகம் கிடந்தாலும் தன் வால் சுழலும், வந்து காட்டுகிறேன் என்றது. ஆனால் கூலி வேண்டுமாம்.

"அவுத்து விட்டேனே, அது போதாதா?" என்றாள் பூவாயி.

"நன்றி வேற, கூலி வேற, தாயி. பொழுது சாயும்போது உன் வாசல்ல நிக்கிற சேவல் எனக்கு."

பூவாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சிமிழ் கிடைத்தால் வாசலில் சேவல் இருக்காது. கிடைக்காவிட்டால்? வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

வீட்டு வாசற்படியை மிதித்ததுமே கீரியின் வால் சுழன்றது. "சுழலுது சுழலுது, தோண்டு பூவாயி தோண்டு" என்றது கீரி. அதை விடு என்றாள் பூவாயி. வாசல் நிலை வைக்கும்போது பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்று ஐம்பொன்னிலும் ஒரு துணுக்கு அடியில் போடுவது அந்த நாட்டு வழக்கம். எந்த வீட்டுப் படியிலும் அந்த வால் சுழலத்தானே செய்யும்?

வேப்பமரத்தடிக்குப் போனார்கள். சுழலுது சுழலுது, தோண்டு பூவாயி தோண்டு. ஆவலோடு தோண்டினாள். துருப்பிடித்த ஏர்க்கொழு வந்தது.

கிணற்றடிக்குப் போனார்கள். சுழலுது சுழலுது, தோண்டு பூவாயி தோண்டு. வேகவேகமாகத் தோண்டினாள். மாமியார் தொலைத்த பித்தளைச் சொம்பு வந்தது. அதற்காகப் பூவாயி வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமா?

தொழுவத்துக்குப் போனார்கள். சுழலுது சுழலுது, தோண்டு பூவாயி தோண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தோண்டினாள். யாரோ எப்போதோ தவறவிட்ட வெள்ளிக் கொலுசு வந்தது. வேறொரு நாளாயிருந்தால் குதித்திருப்பாள்.

சேவலோ வாசற்படியில் நின்று ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. மூன்று தடவை சூ சூ என்று விரட்டினாள். மூன்று தடவையும் அங்கேயே வந்து நின்றது.

வெயில் மஞ்சளாயிற்று. கீரி சேவலைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியது. பூவாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது சேவல் பறந்து வந்து அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கொத்தியது, ஓடிப்போய் வாசற்படியைக் கொத்தியது. மறுபடி வளையல், மறுபடி படி. மறுபடியும் வளையல், மறுபடியும் படி.

பூவாயிக்குப் பொறிதட்டியது. வீடு கட்டிய மாதம் ஐம்பொன் வாங்கச் சந்தைக்குப் போன புருஷன்தான் இந்த வளையலை வாங்கிவந்து மாட்டிவிட்டான். ஐம்பொன்னைப் போட்டாயிற்றா என்றதற்குப் போட்டாச்சு என்றான். வளையலுக்குக் காசு ஏது என்றதற்குச் சிரித்து மழுப்பினான்.

"ஏய்யா, நீ ஐம்பொன் வாங்கவே இல்லையா?" என்றாள். சேவல் தலையைத் தொங்கப்போட்டது.

அப்படியானால் வால் எதற்காகச் சுழல்கிறது?

மண்வெட்டியோடு பாய்ந்தாள். நிலையைத் தோண்டினால் குடி கெடும் என்று பதறியது கீரி. "என் குடியே இந்த மனுசந்தான்" என்று ஓங்கிப் போட்டாள் பூவாயி. வேடிக்கை பார்க்க வந்த கொடுங்காளன் வாசலுக்குள் காலெடுத்து வைக்கும்போது சிமிழ் அவள் கையில் இருந்தது. மூடி அசையவில்லை. சூரியன் பனைமரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஏர்க்கொழுவின் முனையை இடுக்கில் விட்டு நெம்பினாள்.

படார் என்று திறந்தது. சேவல் நின்ற இடத்தில் சடையாண்டி நின்றான். ஆனால் மந்திரம் சும்மா போகுமா? சேவல் உருவம் ஏவியவனையே தேடிப் போயிற்று. பொழுது சாய்ந்த அந்த நிமிஷத்தில், நெற்றியில் சாம்பலோடு ஒரு கறுப்புச் சேவல் வாசலில் திருதிருவென்று விழித்தது.

"தாயி, என் கூலி?" என்றது கீரி.

"வாசல்லதான் நிக்குது, எடுத்துக்க" என்றாள் பூவாயி.

கறுப்புச் சேவல் ஓடிய ஓட்டத்தில் அந்த நாட்டின் எல்லையே பின்னால் போனது. கீரியும் விடவில்லை.

சடையாண்டிக்கு அன்றைக்குப் பொய் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டும், பசித்த வயிற்றுக்குச் சுடச்சுடச் சோறும் கிடைத்தன. குழியை மூடுவதற்கு முன் பூவாயி தன் வளையலில் ஒன்றைக் கழற்றி நிலைக்கடியில் போட்டாள். செம்பொழில் நாட்டில் அன்று முதல் எவர் நிலை வைத்தாலும் ஐம்பொன்னோடு ஒரு கண்ணாடி வளையலும் போடுகிறார்கள். சேவல் படியேறி வந்து கூவினால் யாரும் விரட்டுவதில்லை.