சாமி பேர் இல்லாத பிரார்த்தனை

அரசுப் பள்ளிதான். ஆனாலும் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் தணிகாசலம் தன் குலதெய்வப் பாட்டைத்தான் பாடவைப்பார். மாணவத் தலைவி பிலோமினா, "வேற சாமி கும்பிடுற பிள்ளைங்களும் இருக்கோமேய்யா" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்கு மீசை துடித்தது. "அப்போ எந்தச் சாமி பேரும் வராத பிரார்த்தனை ஒண்ணு நாளைக்கு நீயே கொண்டா. கேட்டதும் கை தானாக் குவியணும். இல்லேன்னா தலைவி பேட்ஜைக் கழட்டி வச்சிரு."

மறுநாள் பிலோமினா மைக்கைத் தட்டிக் கனைத்துக்கொண்டாள். "கல்வி அதிகாரி திடீர் ஆய்வுக்கு வந்துக்கிட்டிருக்காங்க. பள்ளிக்கூட வாசல்கிட்ட வந்துட்டாங்களாம்."

தணிகாசலத்தின் இரண்டு கையும் குவிந்தன. கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் என்னவோ முணுமுணுத்தார். எண்ணூறு பிள்ளைகளும் அதையே பார்த்தார்கள்.

"யாரும் வரலைங்கய்யா," என்றாள் பிலோமினா. "நீங்க கேட்ட பிரார்த்தனைதான் அது."