நிழலில் புல் கேட்ட முயல்

காட்டின் நடுவே பெரிய நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு பெண் முயல் மூன்று குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. கிளைகள் கூரைபோல மூடியிருந்ததால் கோடையிலும் அங்கே குளிர்ச்சி. மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணில் குட்டிகள் படுவதே இல்லை. முயல் இதையெல்லாம் ஒரு வசதியாகவே நினைக்கவில்லை.

ஒருநாள் அந்த வழியாக வந்த மான் நின்று பார்த்தது.

"வாசல் என்ன இப்படி மொட்டையாகக் கிடக்கிறது? ஒரு புல்கூட இல்லையே."

அன்றோடு முயலுக்குத் தூக்கம் போயிற்று. ஆற்றங்கரையிலிருந்து புல்லைப் பெயர்த்து வந்து நட்டது. பழுத்துப்போனது. மறுபடியும் நட்டது. அதுவும் பழுத்தது. முயலின் கௌரவப் பிரச்சினை புல்லுக்குப் புரியவில்லை போலும்.

பக்கத்து மரத்தில் ஒரு குரங்கு இருந்தது; அது தன் வாழ்நாளில் ஒரு செடிகூட நட்டதில்லை. ஆகவே, ஆலோசனை சொல்ல முழுத் தகுதியோடு இறங்கி வந்தது.

"இந்த மரம்தான் வெயிலை மறைக்கிறது. மரத்தை ஒழித்துவிடு."

ஈரமண்ணில் உட்கார்ந்திருந்த தேரை குறுக்கிட்டது. "வேண்டாம் அக்கா. நிழலிலேயே வளரும் பெரணி இருக்கிறது, காட்டு மஞ்சள் இருக்கிறது. அவற்றை நட்டால் வாசலும் பச்சையாகும், மரமும் பிழைக்கும்."

"பெரணியா? மான் பார்த்தால் என்ன நினைக்கும்?" என்றது முயல்.

உடனே முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. அது அடிமரத்துப் பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்றது. அதற்கு வயிறும் நிறைந்தது, உதவி செய்த பெயரும் கிடைத்தது. மரம் பட்டுப்போய் இலையெல்லாம் கொட்டியது. அடுத்த மழைக்கு வாசலெங்கும் புல் முளைத்தது.

முயல் பெருமையோடு மானை அழைத்தது. மான் சுற்றத்தோடு வந்தது.

"அருமையான புல்," என்று பாராட்டியது. பாராட்டிக்கொண்டே கடைசித் தாள்வரை மேய்ந்துவிட்டுப் போனது.

மிஞ்சியது வெட்டவெளி. மறுநாள் காலை குட்டிகள் வெளியே வந்ததும் பருந்து பாய்ந்தது. முயல் குறுக்கே விழுந்து தடுத்தது. குட்டிகள் தப்பின, முயலின் முதுகு கிழிந்தது.

வலியோடு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முயல் வேறு நிழல் தேடிக் கிளம்பியது. தழைத்த அத்திமரத்தில் சாய்ந்திருந்த குரங்கு அதைப் பார்த்துவிட்டு, "புல் இவ்வளவு நன்றாக வரும் இடத்தை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?" என்று அக்கறையாகக் கேட்டது.

பிறர் மெச்ச வேண்டும் என்று தன்னைக் காக்கும் நிழலை அழிப்பவருக்கு, மெச்சுதலும் நிலைக்காது, காவலும் மிஞ்சாது.