தவளைகள் விட்டுவிட்ட பாதி வேதம்

காட்டோரக் குளம் ஒன்றில் தவளைகள் கூட்டமாக வாழ்ந்தன. முன்னோர் விட்டுச்சென்ற வேதம் ஒன்று அவற்றுக்கு இருந்தது. பொழுது சாய்ந்ததும் இரு கரையிலும் உட்கார்ந்து ஓதும்.

"நீர் நிறைந்த குளம் தாய்மடி. அதை விட்டு நீங்காதே!" என்று கிழக்குக் கரை ஓதும்.

"நீர் வற்றிய குளம் சுடுகாடு. அதில் தங்காதே!" என்று மேற்குக் கரை பதிலுக்கு ஓதும்.

தலைவன் கொப்புளானுக்குக் கல்யாணம் நடந்தது. மேற்குக் கரை வாயைத் திறந்ததுமே மாப்பிள்ளை துள்ளிக் குதித்தான்.

"நிறுத்துங்கடா! கல்யாண வீட்டுல சுடுகாடா? வேற வார்த்தையே கிடைக்கலையா?"

குளத்து ஆமை காத்தாயி குறுக்கிட்டாள். "ரெண்டும் சேர்ந்தாத்தான் வேதம், தலைவரே! ஒண்ணை வெட்டினா மத்தது பொய்யாப் போயிடும்."

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதே, போ!"

கல்யாணம் முடிந்த பிறகாவது மேற்குக் கரை தன் வரியைத் தொடங்கியதா? எங்கே! வளைகாப்பு வந்தது. பிள்ளைகளுக்குப் பேர் வைக்கும் நாள் வந்தது. நல்ல நாளுக்கா பஞ்சம்? இரு கரையிலும் தாய்மடி மட்டுமே ஒலித்தது. கொப்புளானின் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தன.

பிறகு மழை பொய்த்தது. குளம் சுருங்கிச் சேறானது.

"நான் ஆத்துக்குப் போறேன். எல்லாரும் கிளம்புங்க!" என்றாள் காத்தாயி.

கொப்புளான் பிள்ளைகளிடம் தாவி ஓடினான். "பிள்ளைகளா, வாங்க போயிடலாம்!"

"தாய்மடியை விட்டு நீங்காதேன்னு நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க?" என்றான் மூத்தவன்.

"அதுக்கு எதிர்ப்பாட்டு ஒண்ணு இருக்குடா! வற்றிய குளம் சுடுகாடு, அதில் தங்காதே!"

பிள்ளைகள் சிரித்தன. "பயத்துல அப்பா உளர்றாரு! நம்ம வேதத்துல அப்படி ஒரு வரியே கிடையாது!"

கொப்புளான் கெஞ்சினான், திட்டினான், அழுதான். ஒன்றுகூட அசையவில்லை. "பிள்ளைங்க இல்லாம நான் எங்க வர்றது?" என்று மனைவி பவளமும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். காத்தாயி நெடுநேரம் காத்திருந்துவிட்டுத் தனியாகப் போனாள்.

வெயில் ஏறியது. கொக்குகள் வந்து இறங்கின. ஒட்டும் சேற்றில் குதிக்க முடியாமல் பிள்ளைகள், "அப்பா! அப்பா!" என்று கத்தின. ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே போவதைப் பார்த்த பிறகுதான் பாவி கொப்புளானுக்குச் சாவு வந்தது.

இனிக்கும் பாதியை மட்டுமே சொல்லி வளர்த்தால், ஆபத்து வரும் நாளில் கசக்கும் பாதியைப் பெற்ற பிள்ளையும் நம்பாது.