சங்கிலிமுத்துவின் இரண்டாவது வழி

சங்கிலிமுத்து வயதில் மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர், டெல்பின்தான் குரு. கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடுவதையும் அதை வேலை வாங்குவதையும் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

டெல்பினுக்கு மாற்றல் வந்திருந்தது. மலையடிவார ஆஸ்பத்திரிக்குப் போகும் லைனை யாரிடம் ஒப்படைப்பது என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் இருப்பதோ டவுனில். லைன் அறுந்தால், அடிபட்டு வந்தவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க வேண்டியதுதான்.

போன மழையில் ஒருவர் அப்படித்தான் கிடந்தார். பிழைக்கவில்லை. அறுந்த கேபிளைச் சேர்த்துவிட்டுப் போய், சங்கிலிமுத்து அந்த முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு தூக்கம் சரியில்லை. இரண்டாவது கேபிள் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். போட்டும் முடித்தார்.

"மேடம், வந்து பாருங்க" என்று அன்று காலை கூப்பிட்டார்.

ஆபீஸ் மேசைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சுவிட்ச். ஒரு கேபிளில் வரும் வெளிச்சம் நின்றால், உள்ளே இருக்கும் பொடிக் கண்ணாடி தானாகத் திரும்பி மற்ற கேபிளைப் பிடித்துக்கொள்ளும். அவர் அந்த லைன் வழியாகவே போனில் ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம் பெண்ணைப் பேச வைத்துவிட்டு, முதல் கேபிளை உருவினார். ஒரு விளக்கு அணைந்து அடுத்தது எரிந்தது.

"என்னண்ணே, எப்பதான் உருவப் போறீங்க? எனக்கு வேலை கிடக்குது" என்றாள் அந்தப் பெண்.

"உருவியாச்சும்மா!"

டெல்பின் வாய்விட்டுச் சிரித்தாள். "பிரமாதம்ணே."

"எந்த மகராசன் யோசிச்சானோ மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோகுது. பார்த்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்கு." சற்று நேரம் பார்த்துக்கொண்டும் நின்றார். பிறகு தயங்கிக் கேட்டார். "இனிமே இந்த லைனை நான் தனியாப் பார்த்துக்கலாமா?"

அவள் ஜீப்பைக் கிளப்பினாள்.

"முதல் கேபிள் போற வழியா ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரும்பறப்ப ரெண்டாவது வழி."

"ரெண்டையும் ஒரே நாள்ல எதுக்கு மேடம்?"

"உங்க வேலையைப் பார்க்கணும்னு ஆசை."

போகும்போது தார்ச்சாலை. ஆற்றுப் பாலத்தருகே ஹமீது பாய் கடையில் டீ குடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, வேறு பக்கமாகத் திரும்பினார்கள். வாய்க்கால் கரை, பாக்குத்தோப்பு. சங்கிலிமுத்து வழியெல்லாம் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். எங்கே ஆழமாகத் தோண்டினார், எங்கே வேர் குறுக்கிட்டது, எந்தத் தோப்புக்காரர் சண்டைக்கு வந்து கடைசியில் சாப்பாடு போட்டார், எல்லாம்.

"அது தார்ரோடு, இது தோப்பு. ஒண்ணு முகத்தை ஒண்ணு பார்க்காது மேடம்."

"ம்" என்றாள் டெல்பின்.

தோப்பு முடிந்தது. ஜீப் மேடேறி, பாலத்தைக் கடந்து நின்றது.

"என்ன மேடம், இப்பத்தானே குடிச்சிட்டுப் போனீங்க?" என்றார் ஹமீது பாய்.

"இது வேற வழி பாய்."

"எந்த வழியா வந்தா என்ன? ஆத்தைத் தாண்டணும்னா என் மூஞ்சியில முழிச்சுத்தானே ஆகணும்! சர்க்கரை கம்மியாவே போடறேன்."

சங்கிலிமுத்து டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தம்ளரோடு பாலத்துக்கு நடந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். பாலத்தின் விலாவை ஒட்டி ஒரே ஒரு குழாய். இரண்டு கேபிளும் அதற்குள்தான். இழுத்த அன்றைக்குக் குழாய் ஏற்கெனவே இருந்தது, உள்ளே இடமும் இருந்தது, ஆட்கள் பசியோடு இருந்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

டெல்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சுவிட்ச் நல்லாத்தானே வேலை செஞ்சுது மேடம்" என்றார்.

"அதுமேல என்ன குறை? தங்கமான பொருள். ஆனா இந்தப் பாலம் போச்சுன்னா ரெண்டுலயும் இருட்டு. அது பாவம், எங்க திரும்பும்?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம்தான். ஆஸ்பத்திரி அக்கரையில, பாலம் ஒண்ணே ஒண்ணு."

"ஆபீஸ்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க மறுபடியும் சுவிட்சைத்தான் காட்டியிருப்பீங்க."

அவர் தலையாட்டினார். மேற்கே கருமேகம் திரண்டிருந்தது. சுழித்து ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "மேல அணைக்கட்டு வழியாத்தான் கொண்டுபோகணும். பூரா பாறை. உளி வெச்சுத்தான் உடைக்கணும். நாளைக்கே ஆள் இறக்கணும். மழை முந்திக்கிச்சுன்னா..."

தம்ளர் ஆடி, டீ அவர் விரலில் சிந்தியது.

"இந்த லைனை வேற நல்ல ஆளாப் பார்த்துக் கொடுத்துடுங்க மேடம்."

டெல்பின் அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கிச் சுவர்மேல் வைத்தாள்.

"எங்கண்ணே போய்த் தேடுவேன்? இந்தப் பாலத்தைப் பார்த்துக் கை நடுங்குற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."